பஃறுளிக்குக் கோடு போடுதல்

எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா கரும்பலகையில் ஓர் ஆறு வரைந்தார். பலகையின் மேல் மூலையில் இன்றைய தமிழ்நாடு, உள்ளங்கை அளவுக்கு. மீதி முழுக்கக் கடல் கொண்ட நிலம். அதில் மேலே ஒரு கோடு, குமரியாறு. பலகையின் அடிச்சட்டத்தை ஒட்டி இன்னொரு கோடு, பஃறுளியாறு. இரண்டுக்கும் நடுவில் '700 காவதம்' என்று எழுதினார். நீலச் சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்ததால் பஃறுளி பச்சையாக ஓடியது. எனக்கு இன்றைக்கும் பஃறுளி என்றால் பச்சைதான்.

போன டிசம்பரில் செட்டியார்பட்டிக்குப் போயிருந்தபோது தங்கச்சி மகன் சார்ட் அட்டையோடு வந்து நின்றான். ஏழாவது படிக்கிறான். பள்ளிக் கண்காட்சிக்குக் 'கடல் கொண்ட தமிழர் நிலம்' என்று தலைப்பு எடுத்திருக்கிறான். "மாமா, யூடியூப்ல ஒவ்வொருத்தரும் பஃறுளிய ஒவ்வொரு எடத்துல போடுறாங்க. நீங்க மேப் கம்பெனிலதான வேல பாத்தீங்க, கரெக்டா போட்டுக் குடுங்க."

மேப் கம்பெனி எல்லாம் இல்லை. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்களுக்கு வழி காட்டும் ஒரு செயலிக்கு மூன்று வருஷம் கோட் எழுதினேன், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் ஒன்று மண்டையில் ஏறியிருந்தது. கணினிக்கு ஆறு என்பது தண்ணீர் இல்லை, வரிசையாக அடுக்கிய புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோட்டுக்கு நீலம் கொடுத்தால் ஆறு. அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று கோடு யாரிடமும் சொல்வதில்லை.

சரி, முதல் புள்ளியை வைப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் போய்விட்டது.

*

பஃறுளியைப் பற்றி நம் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று முதலில் கணக்கெடுத்தேன். இருப்பது மிகவும் கொஞ்சம்.

முதலாவது, புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு. நெட்டிமையார் என்ற புலவர் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை வாழ்த்துகிறார். எத்தனை காலம் வாழவேண்டும்? பஃறுளி ஆற்று மணலைவிட அதிகமான காலம். கடலுக்கு விழா எடுத்த நெடியோன் என்ற முன்னோனோடு அந்த ஆறு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நல்ல தண்ணீர் உள்ள ஆறு, அதில் மணல் உண்டு. இவ்வளவுதான் தகவல். எந்த மலையில் பிறந்தது, எந்தப் பக்கம் ஓடியது, கரையில் எந்த ஊர் இருந்தது என்றெல்லாம் ஒரு சொல் இல்லை. வாழ்த்துப் பாட்டில் அதெல்லாம் எதற்கு? கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆறு எங்கே என்று தெரிந்திருக்கும். தெரிந்த ஆற்றுக்கு யாரும் வழி சொல்வதில்லை.

இரண்டாவது, சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. மதுரைக்கு நடந்துபோகிற வழியில் கோவலன் மாங்காட்டு மறையோனைச் சந்திக்கிறான். அந்த மறையோன் பாண்டியனைப் புகழும்போது, கடல் பஃறுளி ஆற்றையும் பல மலைகளையும் குமரிக் கோட்டையும் கொண்டுவிட்டது, அதற்கு ஈடாகப் பாண்டியன் வடக்கே கங்கையையும் இமயத்தையும் கொண்டான் என்கிறார். புறநானூற்றில் மணலோடு இருக்கிற ஆறு இங்கே கடலுக்குள் போய்விட்டது. இடையில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. சொல்பவரும் அளந்து பார்த்தவர் அல்ல, அரசனை வாழ்த்துகிறவர்.

மூன்றாவது, அந்தக் காப்பியத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து அடியார்க்குநல்லார் எழுதிய உரை. பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூறு காவதம், அதில் ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் என்ற கணக்கு இங்கேதான் வருகிறது. ஐயா பலகையில் எழுதிய எண் இதுதான்.

எண்ணைக் கண்டதும் என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு காவதம் எவ்வளவு என்பதில் ஒற்றுமை கிடையாது. வழக்கமாகச் சொல்லும் பத்து மைலை வைத்துக்கொண்டால் 700 காவதம் என்பது 7,000 மைல், அதாவது 11,000 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேலே. கன்னியாகுமரி எட்டு டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து தென் துருவம் 98 டிகிரி, டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 10,900 கிலோமீட்டர். ஆக, உரையை அப்படியே எடுத்து நேர்கோட்டில் அளந்தால் பஃறுளி தென் துருவத்தைத் தாண்டி, பூமிப்பந்தின் அந்தப் பக்கம் ஏறத் தொடங்கும் இடத்தில் ஓடியிருக்க வேண்டும். காவதத்தை ஒரே ஒரு மைல் என்று சுருக்கினாலும் ஆயிரத்து நூறு கிலோமீட்டர்.

உரைகாரரை நான் கிண்டல் செய்யவில்லை. ஏழு, ஏழேழு, எழுநூறு என்று அவர் அடுக்குவதைப் பார்த்தாலே அது சங்கிலி பிடித்து அளந்த எண் இல்லை, கதை சொல்கிற எண் என்று தெரிகிறது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்குச் சொல்கிற காலக்கணக்கைப் பாருங்கள்: 4440, 3700, 1850 ஆண்டுகள். மூன்றும் 37 ஆல் மீதியின்றி வகுபடும். யாரோ உட்கார்ந்து அழகாகக் கட்டிய எண்கள். கட்டியவருக்கு அது போதுமானதாக இருந்தது. அதை அளவுகோலாக வைத்து மேப் போட்டவர்கள் பிறகு வந்த நாம்.

*

அந்த 'பிறகு' எப்போது என்பதும் சுவாரஸ்யமான கதை.

1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் இருக்கும் லெமூர்களின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று யோசித்தார். நடுவில் ஒரு நிலம் இருந்து முழுகியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892இல், புறநானூற்றை 1894இல். வருஷங்களைக் கவனியுங்கள். பஃறுளி ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்து எல்லாரும் படிக்கிற நேரத்தில், அது ஓடுவதற்கு ஒரு கண்டம் முப்பது வருஷமாக ஆங்கிலத்தில் தயாராகக் காத்திருந்தது. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வந்த கருணாமிர்த சாகரத்தில் லெமூரியாவைப் பேசுகிறார். பிறகு கா.அப்பாத்துரை கடல் கொண்ட தென்னாட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1946இல் புலவர் குழந்தை வெளியிட்ட வரைபடத்தில் மலைகளும் ஆறுகளும் கோடுகளாகவே வந்துவிட்டன. பாட்டில் வெறும் பெயராகவும் மணலாகவும் இருந்த ஒன்றுக்கு உற்பத்தியிடமும் வளைவும் முகத்துவாரமும் கிடைத்தன. 1960களில் கண்டத்தட்டு நகர்வுக் கோட்பாடு நிலைபெற்றதும் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று ஆனது. அறிவியலுக்கு லெமூரியா தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் தேவைப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. உங்களுக்குத் தனியாக ஒரு பழமை கிடையாது, எல்லாம் வடக்கிலிருந்து இறங்கியது என்று சொன்னவர்களுக்கு அந்தத் தலைமுறை ஒரு கண்டத்தையே தூக்கிப் பதிலாகக் கொடுத்தது. கீழடி மாதிரி ஓர் இடம் மண்ணுக்குள்ளிருந்து எழுந்துவந்து பேசாத காலம் அது. கையில் பாட்டுதான் இருந்தது, பாட்டை மேப் ஆக்கினார்கள். ஆனால் எட்டாம் வகுப்பில் அந்தப் பச்சைக் கோட்டை நோட்டில் நகலெடுத்த எனக்கு, அது ஒருவர் ஊகித்துப் போட்ட கோடு என்று யாரும் சொல்லவில்லை. காவிரிக்கும் பஃறுளிக்கும் ஒரே பென்சில்.

*

நிலவியலாளர் சு.கி.ஜெயகரன் எழுதிய 'குமரி நில நீட்சி' வேறொரு வழியைக் காட்டுகிறது. கண்டம் எதுவும் முழுகவில்லை, ஆனால் குமரிமுனைக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் முன்பு வெளியே இருந்திருக்கலாம். இதற்கு அடிப்படை உறுதியானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகத்தின் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்தே போகலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் ஆழம் குறைந்த ஒரு திட்டு இருக்கிறது. மீன்பிடிக்காரர்கள் அறிந்த வாட்ஜ் பேங்க் அதுதான்.

சரி, கடல்நீரை 120 மீட்டர் இறக்கிவிட்டு மழை பெய்ய வைத்தால் ஆறு எங்கே ஓடும்? இது எனக்குச் செய்யத் தெரிந்த வேலை. ஜெப்கோ என்ற உலகக் கடலாழத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய 450 மீட்டருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆழம். ஒவ்வொரு கட்டத்திலும் விழுகிற தண்ணீர் சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் எது அதிகம் தாழ்ந்ததோ அதற்குப் போகும் என்று ஒரு விதி. இதைக் கோடிக்கணக்கான தடவை ஓட்டினால் திரையில் ஆறுகள் முளைக்கும்.

முளைத்தது. ராத்திரி பதினொன்றரைக்கு, குமரிமுனைக்குத் தெற்கே, வளைந்து நெளிந்து, கிளையாறுகளோடு, அவ்வளவு அழகாக. பத்து நிமிஷம் நான் பஃறுளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே நம்பினேன். பெயரைக்கூட டைப் அடித்துவிட்டேன்.

பிறகு பழக்க தோஷம், தரவைக் கொஞ்சம் மழமழப்பாக்கி மறுபடி ஓட்டினேன். ஆறு ஒரு தாலுகா அகலத்துக்குக் கிழக்கே நகர்ந்துவிட்டது. கட்டத்தின் அளவை மாற்றினேன், இரண்டாகப் பிரிந்தது. தரவு எப்படி வந்தது என்று அப்புறம்தான் படித்தேன். உலகக் கடலடியில் ஏறக்குறைய கால்பங்குதான் ஒலி அலை அனுப்பி நேராக அளக்கப்பட்டது. மீதி, கடலின் மேல்பரப்பில் இருக்கும் மிக நுண்ணிய மேடுபள்ளத்தைச் செயற்கைக்கோள் அளந்து, அதை வைத்து அடியாழத்தை ஊகித்த எண்கள். போதாததற்கு, கடல் ஏறி வரும்போது அலை பழைய ஆற்றுத்தடங்களை அரித்துவிடும். மிச்சத்தைப் பல்லாயிரம் வருஷத்து வண்டல் மூடிவிடும். இன்றைய கடலடியின் வடிவம் அன்றைய நிலத்தின் வடிவம் இல்லை. வண்டல் மேல் மழை பெய்ய வைத்து ஆறு வரைந்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் காலம். கடல்மட்டம் ஏறி இன்றைய அளவை நெருங்கியது ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன். புறநானூற்றுப் பாட்டுக்கு இரண்டாயிரம் வயது. என் திரையில் ஓடிய ஆறு முழுகி ஐயாயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு புலவர் அதன் மணலை எண்ணியிருக்க வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கதைகளில் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடலேற்றத்தின் நினைவு இருக்கிறது என்று பேட்ரிக் நன், நிக்கோலஸ் ரீட் இருவரும் 2016இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஆனால் அந்தக் கதைகள் இன்ன விரிகுடா, இன்ன தீவு என்று இடம் சுட்டுகின்றன. நம் பாட்டு இடம் சுட்டவில்லை. கடல் ஊரைக் கொள்வதற்குப் பனியுகம்தான் உருகவேண்டும் என்பதும் இல்லை, 2004 டிசம்பரில் குளச்சலில் ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்தது.

பெயர் ஒலியை வைத்து, குமரி மாவட்டத்தில் இன்றும் ஓடும் பறளியாறுதான் பஃறுளி என்று சொல்கிறவர்களும் உண்டு. பெருஞ்சாணி அணை கட்டியிருப்பது அதன் குறுக்கேதான். அப்படியானால் ஆறு தொலையவே இல்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் அது இன்னும் தெற்கே நீண்டு ஓடியிருக்கும், வால் மட்டும் முழுகியிருக்கும். எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனால் ஐயா நடத்திய இலக்கணம் குறுக்கே நிற்கிறது. அல் + திணை அஃறிணை ஆவதுபோல, பல் + துளி பஃறுளி. பல துளிகள். பறளிக்கு அந்தத் துளி எங்கே போனது?

*

முறை சரியா என்று பார்க்க, விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எனக்கு விடை தெரிந்த நிலம் செட்டியார்பட்டி. மேற்கே மலை, மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், ஓடைக்குக் கண்மாய், கண்மாய் மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய், எல்லாம் கடைசியில் வைப்பாற்றுக் கணக்கில். சாத்தூர்ப் பாலத்தில் போகும்போது கீழே மணலாகத் தெரியுமே, அந்த வைப்பாறு.

நிலத்துக்கு நல்ல தரவு உண்டு. 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் பதினொரு நாள் சுற்றி ரேடாரால் அளந்த உயரங்கள், 30 மீட்டருக்கு ஒன்று. அதைப் போட்டு ஓட்டினேன். எங்கள் ஓடை தளவாய்புரத்துக்குப் போகும் ரோட்டில் ஏறி, நைட்டி தைக்கிற ஒரு கட்டடத்தின் மேல் ஓடியது.

காரணம் எளிது. நாலு மீட்டர் அகல ஓடை 30 மீட்டர்க் கட்டத்துக்குள் தெரியாது. ரேடாருக்குத் தென்னந்தோப்பு ஒரு மேடு, வீட்டுக் கூரையும் மேடு. இன்னொன்றும் செய்கிறார்கள்: தண்ணீர் தேங்கி நின்றால் கணக்கு ஓடாது என்று, தரவில் இருக்கும் பள்ளங்களை எல்லாம் பிழை என்று முதலிலேயே நிரப்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் கண்மாய். பாண்டிய நாட்டில் ஆயிரம் வருஷமாக வெட்டி வைத்ததை எல்லாம் மூடிவிட்டுத்தான் அந்தக் கணக்கு தொடங்குகிறது.

வீட்டிலிருந்த பத்திரப் பையைக் கொட்டி, தோட்டத்தின் புலப்படத்தை எடுத்தேன். அதில் ஓடை எங்கள் நிலத்தின் வடக்கு எல்லை. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர், கோட்டின் தடிமனே ஒரு வயல். தரையில் இறங்கிப் பார்த்தால் ஓடை இரண்டு இடத்திலும் இல்லை, ஒரு வெள்ளத்தில் தெற்கே வெட்டிக்கொண்டு வந்துவிட்டது. நடந்து கடக்கக்கூடிய, உயிரோடு இருக்கிற ஓடை. அதற்கு மூன்று கோடுகள்.

*

தொலைந்த ஆற்றை வரைவதில் உலகத்திலேயே அதிகம் உழைப்பு போன இடங்களில் ஒன்று இந்தியாவில்தான் இருக்கிறது. ஹரியானா, ராஜஸ்தான் வழியாகப் பாகிஸ்தானுக்குள் போகும் கக்கர்-ஹக்ரா தடம். பஃறுளி மாதிரி கடலுக்குள் இல்லை, கண்ணுக்குத் தெரியும் காய்ந்த படுகை, சில இடங்களில் பல கிலோமீட்டர் அகலம். வேதம் சொல்லும் சரஸ்வதி இதுதான் என்று 1855இலேயே பிரெஞ்சு அறிஞர் விவியான் தெ சேன் மார்த்தான் எழுதினார். ஆரல் ஸ்டைன் 1940-41 குளிர்காலத்தில், 78 வயதில், அந்தப் படுகையில் சுற்றினார். 1980இல் யஷ் பாலும் சகாக்களும் லேண்ட்சாட் படங்களில், சட்லெஜ் ஒரு காலத்தில் ரோப்பர் அருகே மேற்கே திரும்பாமல் இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று காட்டினார்கள். அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

வானத்திலிருந்து எடுத்த படம் எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. அதற்கு மண்ணைத் தோண்டவேண்டும். மணலில் ஜிர்கான் என்ற நுண்ணிய துகள்கள் இருக்கும். அவற்றின் வயதை வைத்து, அந்த மணல் எந்த மலையிலிருந்து எந்த ஆற்றோடு வந்தது என்று சொல்லிவிடலாம். 2012இல் வந்த ஜிர்கான் ஆய்வு, யமுனை இந்தத் தடத்தை விட்டுப் போய்ப் பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன, சட்லெஜும் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே விலகிவிட்டது என்றது. 2017இல் இன்னொரு குழு வேறொரு முறையில் பார்த்தது. குவார்ட்ஸ் மணல் வெயிலில் இருக்கும்வரை அதன் கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும், புதைந்து இருட்டானதும் ஓடத் தொடங்கும். இருட்டிலேயே எடுத்து ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால், கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று சொல்லும். அந்தக் கடிகாரத்தின்படி சட்லெஜ் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே முழுமையாகப் போய்விட்டது. காளிபங்கன் போன்ற ஹரப்பா ஊர்கள் பேராற்றின் கரையில் எழவில்லை, பேராறு கைவிட்ட பள்ளத்தாக்கில் எழுந்தன. இரண்டே வருஷம் கழித்து, 2019இல், வேறொரு குழு அதே தடத்தின் மணலை ஆராய்ந்து, 9,000 முதல் 4,500 ஆண்டுகளுக்கு முன்புவரை வற்றாத ஆறு அங்கே ஓடியது என்றது.

இவ்வளவும் ஒரே படுகை. இடத்தில் சண்டை அதிகம் இல்லை, காலத்தில்தான் சண்டை. அப்புறம் பெயரில். அவெஸ்தா சொல்லும் ஹரஹ்வைதி சரஸ்வதியோடு ஒலியால் உறவுள்ள பெயர், அது ஆப்கானிஸ்தான் பக்கம். ஒலி ஒத்தால் ஆறு ஒன்று என்று முடிவு கட்டுவதில் இருக்கும் ஆபத்து பறளிக்கு மட்டும் இல்லை. வடக்கிலும் வரைகிறவர்களின் பென்சிலைப் பெருமிதம் தள்ளுகிறது. நம் ஐயா பலகையில் செய்ததை அங்கே பெரிய பெரிய போஸ்டர்களில் செய்கிறார்கள்.

கோடு போட்டால் பலன் கிடைத்த தொலைந்த ஆறும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாலாறு இன்று கல்பாக்கம் பக்கம் கடலில் சேர்கிறது. முன்பு அது காவேரிப்பாக்கம் வட்டாரத்திலிருந்து வடகிழக்காக, இன்றைய கொசஸ்தலை ஆற்றின் தடத்தில், சென்னைக்கு வடக்கே போய்க் கடலில் சேர்ந்தது என்பது புவியியலாளர்களின் கருத்து. கொசஸ்தலையின் ஒரு பகுதிக்குப் பழைய பதிவுகளில் விருத்த க்ஷீர நதி என்று பெயர். க்ஷீரம் என்றால் பால். கிழட்டுப் பாலாறு. 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு துளை போட்டுப் பார்த்தபோது, புதைந்த ஆற்றுத் தடத்தின் மணலில் தண்ணீர் இருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னை அந்தத் தண்ணீரைக் குடித்தது. அளவு மீறி உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது தனிக்கதை. இங்கே பெயரும் இருந்தது, தடமும் இருந்தது, துளைபோட்டு எடுத்த மணலும் இருந்தது. மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன. பஃறுளிக்கு நம்மிடம் இருப்பது முதலாவது மட்டும்.

*

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் தாத்தாவின் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

தோட்டத்துக் கிணற்றை ஆள் வைத்து வெட்டியபோது முப்பதடியில் ஆற்று மணலும் உருண்டைக் கற்களும் வந்தனவாம். ஓடை ஒரு பர்லாங் தள்ளி இருக்கிறது, அதில் இப்படி உருண்ட கல் கிடையாது. 'இது ஆறு போன எடம்டா' என்று தாத்தா எல்லாரிடமும் சொல்வார். கை மணலையும் நாலு கல்லையும் பாட்டிலில் போட்டுத் தெற்கு ஜன்னலில் வைத்திருந்தார். இப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் மூன்றும் தெரிந்த ஆறு. பெயர் இல்லை, பாட்டு இல்லை. வயதாவது தெரியுமா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். நாற்பது வருஷமாக ஜன்னல் வெயிலில் இருந்த மணல். தாத்தா பத்திரப்படுத்திய அன்றைக்கே அதன் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது.

சார்ட்டை நானும் மருமகனும் சேர்ந்து வரைந்தோம். இன்றைய கரை முழுக்கோடு. பனியுகக் கரை புள்ளிக்கோடு, பக்கத்தில் '20,000 ஆண்டுகளுக்கு முன், சுமார்'. செட்டியார்பட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு: 'இங்கே 30 அடி ஆழத்தில் ஓர் ஆறு, பெயர் தெரியாது'. கடலில் 'பஃறுளி' என்று எழுத்துகளை எட்ட எட்ட எழுதினோம். கோடு போடவில்லை.

"கோடு இல்லாம ஆறுன்னு எப்பிடி மாமா தெரியும்?"

"தெரியாது. அதான்டா மேப்."

அவனுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. சேத்தூரில் இருக்கும் ஐயாவைப் பார்க்க அவனையும் சார்ட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஐயாவுக்கு எண்பது நெருங்குகிறது. அட்டையை மடியில் விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கோடு போட்டா என்னப்பா கொறஞ்சிரும்?"

தென் துருவக் கணக்கைச் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு நின்றதும், "நான் போர்டுல போட்டது எங்க வாத்தியார் போட்டதப் பாத்து. அவரு யாரப் பாத்துப் போட்டாரோ" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மருமகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கடலில் தனியாக நின்ற ஆய்தத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத அழிச்சிட்டு று-வோட ஒட்டி எழுதுய்யா. இப்பிடித் தள்ளி எழுதுனா பாக்குறவன் மூணு தீவுன்னு நெனச்சிக்கிருவான்."

அவன் ரப்பரைத் தேடிப் பையைத் துழாவினான்.